வெள்ளக் கல்லுக்கு நான் குடுத்த வாய் கேரண்டி

குந்துங்கப்பா, அல்லாரும் குந்துங்க. அந்த மூட்ட மேல கீற ரெண்டு பேரும் பேச்ச நிறுத்துங்க. ஏகாம்பரம், நீ இன்னாத்துக்குப்பா வாய மூடுற? நீ எப்ப தொறந்த? கல்லு போடுற தொழில்ல மொதல்ல முதுகு போவும், அப்பால மானம் போவும். இந்த குவார்ட்ஸ் கல்லு வந்தப்புறம் ரெண்டும் ஒரே நாள்ல போவுது.

கடைக்குப் பின்னால கீற இந்த ஷெட்டுல சோறு துன்னுகினு குந்தினு கீறவங்க அத்தினி பேரும் கல்லால அடிபட்டவங்கதான். அதனால வெக்கம் இல்லாம சொல்றேன். நான் பெஞ்சமின். ராயபுரத்துல பொறந்தவன். திருவொத்தியூர் ஹைரோடுல இதே கடைல இருவது வருசமா அடுப்படி மேடைக்கு கிரானைட்டு போட்டவன். தோ குந்தினு கீறானே ஏகாம்பரம், அவன் என் ஜோடி. ஒரு நாளைக்கு மூணு வார்த்த பேசுவான். அதுல ரெண்டு "உம்".

சுனாமி வந்து போயி ரெண்டு வருசம் இருக்கும். டை கட்டிகினு ஒரு கம்பெனிக்காரத் தம்பி கடைக்கு வந்தாரு. கைல சோப்புக் கட்டி சைசுல கலர் கலரா குவார்ட்ஸ் கல்லு. "சார், இது நேச்சுரல் ஸ்டோன மாவா அரைச்சி, ரெசின் மிக்ஸ் பண்ணி, ஹை பிரஷர்ல பிரஸ் பண்றது சார். பாலீஷ் வேணாம், கறை புடிக்காது, டென்ஷன் ஃப்ரீ சார்!" மூக்கால பேசுவாரு. நான் அத்த அப்பிடியே புடிச்சிகினேன். ஒரு வாரத்துல அந்தத் தம்பிய விட நான் நல்லா மூக்கால பேசுனேன். கடைசில என் சரக்கையும் ஒண்ணு சேத்துகினேன்: "எதுவும் ஆவாதுமே. நான் கேரண்டி!"

அந்த ஒரு வார்த்தையால என் வேலையே போவப் பாத்துச்சு. எப்பிடின்னு கேளுங்க.

காசிமேட்டு அக்காவோட கத்தி

மொத வாரமே காசிமேட்டுலேர்ந்து ஒரு அக்கா வந்துச்சு. ஏலத்துல மீன் எடுத்து வெட்டி விக்கிற அக்கா. கைல ஒயரு கூடை. நான் மூக்கால ஆரமிச்சேன், "கீறல் வுழாது மேடம்..." முடிக்கல. அக்கா கூடைக்குள்ள கைய வுட்டு வஞ்சிரம் வெட்டுற கத்திய உருவுச்சு. கடைல இருந்தவன் பாதிப் பேரு ரோட்டுக்கு ஓடிட்டான். அக்கா எங்க யாரையும் பாக்கல. மேசை மேல இருந்த கல்லுல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும் சர்ருனு ஒரு இழுப்பு.

வெள்ளக் கல்லுல கறுப்பா ஒரு கோடு. "இன்னாமோ கீறல் வுழாதுன்ன?"ன்னு அக்கா கத்துது. நான் சும்மானாச்சும் பாத்திரம் தேய்க்கிற பவுடர ஈரத் துணில தொட்டு லேசா தேய்ச்சேன். கோடு மாயமாப் போச்சு! கல்லு மேல இருந்தது கீறல் இல்ல, கத்தியோட இரும்பு. அக்கா கத்திய வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு. முனை மழுங்கி ஸ்பூனாட்டம் கீது. அப்பதான் மெய்யாலுமே மொகம் மாறுச்சு. அதுலேர்ந்து நான் அல்லாருக்கும் சொல்றது இதான்: கல்லு மேல வெட்டாதீங்க, பலகை வச்சி வெட்டுங்க, கல்லுக்காவ இல்ல, கத்திக்காவ. அன்னிக்கி அக்கா சொன்னது: "கல்லு சோக்காத்தான் கீது, நாளைக்கு காத்தால அஞ்சு மணிக்கி உன் மூக்க வச்சாடா நான் மீன் வெட்டுறது?"

ஃபேக்டரித் தண்ணி

எண்ணூர்ல ஒரு சாரு வூட்டுக்குக் கறுப்புல வெள்ளிப் பொட்டு வச்ச கல்லு போட்டோம். நல்ல கலரு அது. மேடைக்கு ஒரே கலரா பளிச்சுனு எடுத்தா ஒரு தலமயிரு வுழுந்தாக் கூட சுவத்து போஸ்டராட்டம் தெரியும். பொட்டுப் பொட்டா எடுத்தா மசாலா டப்பா கவுந்தாலும் மாமியாருக்குத் தெரியாது. சாரு அத்தக் கேட்டுதான் எடுத்தாரு. கறை பட்டா இன்னா பண்றதுன்னும் கேட்டாரு. நான் மூக்கால, "எது போட்டு வேணா தொடைங்க சார், எதுவும் ஆவாது, நான் கேரண்டி!"

ஒரு மாசம் கழிச்சி போன் வருது. போயி பாத்தேன். மேடைல பாதி கண்ணாடியாட்டம் கீது, பாதி சாம்பல் பூசுனாப்ல செத்துப் போயி கீது. சாரு சிரிச்சினே ஒரு கேனக் காட்டுறாரு. அவரு வேல பாக்குற ஃபேக்டரில கொழா அடைப்பு எடுக்குற காரத் தண்ணி. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு ராத்திரி ஊத்தி வுட்டு, காத்தால கழுவிக் கீறாரு. அந்தக் கல்லுல கீற ரெசின் பசைய அது துன்னுடுச்சு. சோப்புத் தண்ணி, மெத்துனு ஒரு துணி, அவ்ளோதாம்பா அந்தக் கல்லு கேக்குறது. ஆனா "எது வேணா போடு"ன்னு சொன்னது நான். சாரு என் தோள்ல கை போட்டு வருத்தமா சொன்னாரு: "இத்தப் போட்டு எங்க ஃபேக்டரில அம்மாம் பெரிய டேங்கையே கழுவுறோம், ஒரு வார்த்த மூச்சு வுடாது, உங்க கல்லு இன்னாபா இவ்ளோ ரோசம் பாக்குது?"

மொட்ட மாடி

காலடிப்பேட்டைல ஹார்பர்லேர்ந்து ரிட்டையர் ஆன தாத்தா ஒருத்தரு. மேடை போட்டது போவ மிச்ச வெள்ளத் துண்ட மொட்ட மாடில மேசையா போட்டுக் குடுன்னாரு, சாயங்காலம் சீட்டாடறதுக்கு. கம்பெனித் தம்பி "வெயில் ஆவாது"ன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா தாத்தா வூட்டம்மா அன்னிக்கி எறா வறுத்துகினு இருந்தாங்க, முடியாதுன்னா அது கெடைக்காது. "எதுவும் ஆவாது தாத்தா!"ன்னுட்டேன்.

அடுத்த சித்திர மாசம் போயி பாத்தா, சீட்டுக்கட்டு வச்ச எடம் மட்டும் வெள்ளையா கீது, சுத்தி டீத் தூள் கலரு. தாத்தா கல்லப் பாக்குறாரு, தன் கையப் பாக்குறாரு. "முப்பத்தஞ்சு வருசம் கப்பல் மேல வெயில்ல நின்னேன் நைனா, நான் கூட இவ்ளோ ஜல்தியா கறுக்கல."

மொதலாளி போட்ட கண்டிசன்

மூணு கம்ப்ளெயின்ட்டும் மொதலாளி காதுக்குப் போச்சு. அவரு திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. சேரப் போட்டு என்னயக் குந்த வச்சாரு. அப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சு, ஏன்னா இருவது வருசத்துல அந்த சேருல நான் குந்தினதே இல்ல. ஏகாம்பரம் கதவாண்ட நின்னு பாத்துகினு கீறான். மொதலாளி மெதுவா சொன்னாரு: "பெஞ்சமின், அடுத்த கம்ப்ளெயின்ட்டு உன்னால வந்துச்சுன்னா, கல்ல மாத்த மாட்டேன், உன்னய மாத்திடுவேன்."

ரீட்டாக்காவோட மேடை

அந்த வாரமே வந்த ஆர்டரு இது. ரீட்டாக்கா எங்க ராயபுரம் கோயில் தெருதான். வூட்டுக்காரு இல்ல. பள்ளிக்கூடத்துல ஆயா வேல பாத்து ஒரே பொண்ண ஆளாக்குனவங்க. பொண்ணுக்குப் பெரம்பூர் ரயில்வே பையன். ஞாயித்துக்கெழம நிச்சயம், மாப்ள வூட்டுக்காரங்க மொத தபா வூட்டுக்கு வராங்க. அதுக்குத்தான் வெள்ளக் கல்லு.

இந்த ஊர்ல நான் பாத்த கஸ்டமர்ல சொன்னத சொன்னபடி கேட்டது அந்த ஒரு அக்காதான். துண்டுக் கல்ல வூட்டுக்கு எடுத்துனு போயி காலைல பாத்தாங்க, டியூப் லைட்டுல பாத்தாங்க, கரண்டு போனப்போ மெழுகுவத்தில பாத்தாங்க. எல்லாக் கல்லுப் பலகையும் ஒரே லாட்டுல, அதான் ஒரே தபா பண்ணதுல வேணும், இல்லன்னா வெள்ளையே ரெண்டு வெள்ளையா தெரியும்னு சொன்னேன். கடைல நின்னு நம்பர் பாத்து எடுத்தாங்க. கல்லுக்கு சூடு ஆவாதுன்னேன், கல்லு வரதுக்கு முன்னால சட்டிக்கு அடில வைக்க மூணு பிரிமணை வாங்கி ஆணில மாட்டி வச்சிட்டாங்க.

வெள்ளிக்கெழம. அடுப்பாண்ட பலகை முன்னாடி நாளே போட்டாச்சு. தொட்டியாண்ட துண்ட சும்மா எடத்துல வச்சிருந்தோம், அதுக்குப் பசை போடுறதுதான் பாக்கி. வெளிய ஐப்பசி மழ ஊத்து ஊத்துன்னு ஊத்துது. ஜன்னல் சாரல்ல கல்லு ஈரம், பசை புடிக்கவே மாட்டேங்குது. கருங்கல்லுன்னா நாம இன்னா பண்ணுவோம்? பம்பு அடிச்சா நெருப்பு கக்குற ப்ளோ லேம்பப் பத்த வச்சி, கல்லுக்கு லேசா சூடு காட்டி, ஈரத்த வாங்கிட்டுப் பசை போடுவோம். இருவது வருசப் பழக்கம்பா. என் கை தானாப் போச்சு. ஏகாம்பரம் என் சட்டையப் புடிச்சி இழுத்தான். "இன்னாடா, மழைக்கு டான்சா?"ன்னு தட்டி வுட்டேன்.

கண்ண மூடித் தொறக்கல. வெள்ளக் கல்லு மேல என் உள்ளங்கை அகலத்துக்கு பீடி கலர்ல ஒரு திட்டு. தொடச்சேன். பவுடர் போட்டுத் தேய்ச்சேன். போவல. அக்காகிட்ட "சூடு வெக்காத, சூடு வெக்காத"ன்னு மூக்கால பாடுனவன், நானே நெருப்ப வச்சிட்டேன். அந்த சேரு வேற கண்ணு முன்னால வந்து நிக்குது. லேம்ப சாக்குக்கு அடில தள்ளிட்டேன்.

அந்நேரம் ரீட்டாக்கா டீயோட உள்ள வராங்க. என் வாய் இருக்குதே, அது என்னயக் கேக்காமலே மூக்கால ஆரமிச்சிடுச்சு: "அக்கா, சூடா எதுனா நேரா வச்சீங்களா?"

அக்கா கல்லு மேல கீற அந்தத் திட்டப் பாத்தாங்க. டீ கிளாசு ரெண்டையும் எங்களாண்ட வச்சாங்க. "பால் சட்டி... பிரிமணை மேலதாம்பா வச்சேன். இல்ல, கைதவறி இங்க வச்சிட்டேனா?" சுவத்துல சாஞ்சி அழ ஆரமிச்சிட்டாங்க. "ஊருக்கே பெரும பேசுனேன், என் கையாலயே கெடுத்துக்கினனே"ன்னு அழுவுறாங்க. அப்பால கண்ணத் தொடச்சிகினு, "பொண்ணுகிட்ட சொல்லாத பெஞ்சமின், அந்த எடத்துல பூத்தட்ட வச்சி மறைச்சிடறேன். உன் மொதலாளிக்கு நானே போன் பண்ணி, தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது"ன்னு போனை எடுத்து நம்பர் அமுக்குறாங்க.

அதுக்கப்புறம் எங்கேர்ந்துபா பொய் வரும்? சாக்கத் தூக்கி லேம்ப எடுத்து அவங்க முன்னால வச்சேன். "நீ இல்லக்கா, நான்தான்"னேன். அவங்க லேம்பப் பாத்தாங்க, கல்லப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க. நான் அவசரமா, "அதே லாட்டுல துண்டு கீதுக்கா, நாளைக்கே மாத்திக் குடுத்துடறேன்"னேன். அக்கா சத்தமே போடல. "கல்ல நீ மாத்திக் குடுத்துடுவ, நான் அழுதத யாருப்பா மாத்திக் குடுப்பா?"

வாய் மாறுன கத

மறுநாள் ஏகாம்பரம் புதுத் துண்டப் போட்டான். லேம்பு இல்ல, டேபிள் ஃபேன வச்சி ரெண்டு மணி நேரம் காய வச்சான். நிச்சயம் ஜோரா நடந்துச்சு. மாப்ளயோட அம்மா நேரா அடுப்படிக்கு வந்து, கொதிக்கிற கொழம்பு சட்டியத் தூக்கி வெள்ளக் கல்லாண்ட கொண்டு போறாங்க! ரீட்டாக்கா சம்பந்தின்னு கூடப் பாக்காம, பறந்து போயி அடில பிரிமணைய சொருகிட்டாங்களாம்.

மொதலாளிகிட்டயும் நான்தான் போயி சொன்னேன். என்னய மாத்தல. என் வாயத்தான் மாத்துனாரு. அன்னிலேர்ந்து கடைல கஸ்டமர்கிட்டப் பேசுறது ஏகாம்பரம், கல்லு தூக்குறது நான். அவன் இன்னா பேசுவான்னு நெனைக்கிறீங்க? கல்லக் குடுப்பான், "பிரிமணை வைங்க, சோப்புல தொடைங்க"ம்பான், உள்ள போயிடுவான். அதுக்கப்புறம் ஒரு கம்ப்ளெயின்ட்டு வந்தா என் பேர மாத்திக்கிறேன்.

ஆக மொத்தத்துல, அந்தக் கல்லு கத்திக்கு அசையாது, கறைக்கு அசையாது, நெருப்புக்கும் வெயிலுக்கும் ஃபேக்டரித் தண்ணிக்கும்தான் நிக்காது. ஆனா தப்பு பண்ணா என்னாட்டம் ஒடனே ஒத்துக்குறவன் எங்கயும் நிப்பான்.

சோத்து டப்பாவ மூடிகினே ஏகாம்பரம் தலய நிமித்துனான்.

"ஒடனேவா? அந்தக்கா அழுது முடிக்கிற வரிக்கும் நின்னு, டீய அடி வரிக்கும் குடிச்சிட்டுத்தானே சொன்ன?"