முதல் மழைக்குக் கழற்றிய குழாய்

பசிபிக் கடலின் அபையாங் தீவில் ஏழு மாதமாக வானம் கண்ணைத் திறக்கவில்லை. கடல் குளிர்ந்துபோகிற வருடங்களில் அங்கே அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. சபைக்கூடத்துத் தகரக் கூரையையும், அதன் நீர் இறங்கும் தொட்டியையும்தான் ஊரே நம்பியிருந்தது. தொட்டிச் சாவி மரேத்தாவிடம் இருந்தது. மீன் காயவைத்துப் பிழைக்கிறவள். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மழை வந்தது. வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை அந்த ஊருக்கு ஆசீர்வாதம். கூரையிலிருந்து வழியும் நீரைக் கையில் ஏந்திப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் புகட்டுவார்கள். மரேத்தா என்ன செய்தாள் தெரியுமா? ஓடிப்போய்க் கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றித் தண்ணீரை மண்ணில் விட்டாள். நீரை ஏந்த வந்த பிள்ளைகளையும் விரட்டினாள். எட்டு வருடமாக எந்த வறட்சி முடிந்தாலும் இதே கூத்துதான். அப்போதெல்லாம் மழை நின்று பெய்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது. இந்த முறை கால்மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. வயிறு எரியாதா பின்னே?

சாயங்காலமே பெரியவர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆளாளுக்கு அவளை வறுத்தெடுத்தார்கள். கடைசியில் பெரியவர் தபூயா வாயைத் திறந்தார்.

"வானம் குடுத்தத மண்ணுல கொட்ட நீ யாரு? சாவிய வெச்சிட்டுக் கெளம்பு."

மரேத்தா சாவியைப் பாயில் வைத்தாள். ஆனால் கிளம்பவில்லை.

"எட்டு வருசம் முன்ன செத்த எம்புள்ள தியாரே, நீங்கல்லாம் நெனச்ச மாதிரி காய்ச்சல்ல சாகல மாமா. முதல் மழைத் தண்ணிய இந்தக் கையாலதான் ஏந்திக் குடுத்தேன். மாசக்கணக்கா கூரையில கெடந்த பறவை எச்சம் பூரா அதுலதான் எறங்கும்னு நர்ஸ் அப்புறம்தான் சொன்னாங்க. மூணே நாள். வயித்தால போயே போயிட்டான். வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல."

தபூயாவின் முகம் வெளுத்துவிட்டது. இவள் விரட்டுவாள் என்று தெரிந்தே, அவர் தன் வீட்டுக் கூரைத் தண்ணீரைப் பேத்திக்குப் புகட்டிவிட்டு வந்திருந்தார்.

"ரெண்டு கை குடிச்சிட்டாம்மா," என்றார்.

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருக்கலாம் அவள். கேட்கவில்லை. "எந்திரிங்க மாமா, இனி அவளுக்குக் கொதிச்ச தண்ணிதான், உலைய வெப்போம்," என்று அவருக்கு முன்னால் நடந்தாள்.

மறுநாளே குழந்தைக்கு வயிற்றால் போனது. படகு பிடித்து நர்ஸை அழைத்து வந்தார்கள். அவள் கொடுத்த உப்புப் பொடியைக் கொதித்து ஆறின நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக மரேத்தாதான் ஊட்டினாள். அந்த வீட்டைவிட்டு அவள் அசையவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது, மீன் வேண்டும் என்றது.

கிழவர் மீனுக்கு ஓடினார். மரேத்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எட்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.