செம்மண்ணும் ரோஜா இதழும்

ஒரு பழைய காரின் டாஷ்போர்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தபோதுதான் என் கூட்டாளி செல்வினின் மனைவி ஜெபா போன் செய்தாள். "அண்ணாச்சி, அவிய எந்திக்கவே மாட்டேங்காவ. ஓடி வாங்க." நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர்.

கார் ஏ.சி. குளிரவில்லை என்று பாளையங்கோட்டையில் எங்கள் ஷெட்டுக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். வண்டி நிற்பதற்குள் "இன்னதுதான் கோளாறு" என்று சொல்லிவிடுகிறவன் நான், மாரியப்பன். வாயே திறக்காமல் பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் செல்வின். இருவருக்கும் ஒரே வயது. இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தோம்.

ஒருமுறை திசையன்விளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் உடம்புக்கு முடியாத அவர் மனைவி, நனைந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்ரசர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, அதைக் கழற்றியும் விட்டேன். வெளியே போயிருந்த செல்வின் வந்து, முன்பக்கம் குனிந்து பார்த்தார். ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் பட்டுச் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது.

"கம்ப்ரசர் மேல பழியப் போடுததுக்கு முந்தி, காத்து வார வழி இருக்கான்னு பாரும்வே" என்றார்.

மண்ணைக் கழுவி, பழைய கம்ப்ரசரையே மாட்டி, கேஸ் ஏற்றினோம். வண்டி ஜில்லென்று குளிர்ந்தது. ஆசிரியரிடம் செல்வின், "நாங்க தப்பாப் பாத்துட்டோம் சார்" என்றார். தப்பாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நன்றி சொல்வதற்குப் பதிலாக, ரோஷத்தில் நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவரோ நான்கு நாளும் எனக்கும் சேர்த்தே டீ சொல்லிவிட்டார்.

இறந்த அன்று செல்வினைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். துபாயிலிருந்து மகன் மறுநாள் காலைதான் வரமுடியும். நண்பகலில் பெட்டி குளிர்வது நின்றது. பெட்டிக்காரர், "கேஸ் தீந்து போச்சு அண்ணாச்சி, வேற பெட்டி கைவசம் இல்ல" என்று கையை விரித்தார். பெரியவர்கள் ஒதுங்கி நின்று பேசினார்கள். "வெயிலு இந்தப் போடு போடுது. பயலுக்காவ வச்சிருக்க முடியாது. சாயங்காலமே அடக்கம் பண்ணிருவோம்." ஜெபா என்னையே பார்த்தாள்.

எனக்கும் முதலில் கேஸ் என்றுதான் வாயில் வந்தது. அப்படியே அடக்கிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் கால்மாட்டில் குனிந்தேன். கீழே காற்று இழுக்கும் சல்லடை முழுக்க ரோஜா இதழ். நாம் போட்ட மாலைகளிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் விசிறி உள்ளே இழுத்து அடைத்திருந்தது. இதழ்களைக் கையால் அள்ளி எடுத்தேன். பைக்கில் கிடந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. பெட்டியைத் திரும்ப ஓடவிட்டபின் அரைமணி நேரத்தில் கண்ணாடியில் நீர் கோத்தது. மறுநாள் காலை மகன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன கோளாறு மாமா?" என்று பிறகு கேட்டான். உன் அப்பாதான் சரிசெய்தார் என்று சொல்ல நினைத்தேன். சல்லடையிலிருந்து அள்ளிய ரோஜா இதழ்களை மட்டும் காட்டினேன்.

இப்போது ஷெட்டில் நான் மட்டும்தான். செல்வினிடம் நான் சொல்லாமல் விட்ட நன்றி இனி யாரிடமும் சொல்லித் தீராது. அவருடைய வார்த்தை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒருவர் வண்டி குளிர்ந்ததும், "யாரு அண்ணாச்சி பாத்தது?" என்று கேட்டார்.

"நாங்கதான் பாத்தோம்" என்றேன்.