சந்தனப் பொட்டு வைத்த ஃபேன்

இறந்து நாற்பது நாள் கழித்து என் மைத்துனன் எங்கள் வீட்டுக்கு வந்தான், ஆட்டோவில், போர்வை சுற்றிக்கொண்டு. வந்தது அவனுடைய கம்ப்யூட்டர்தான். ஆனால் மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் இரண்டாம் மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறும்போது, பின்னால் வந்த என் மனைவி, "மெதுவா... இடிச்சுடப் போறேள் அவனை" என்றாள். சிரிக்கலாமா என்று திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்றது முகம்.

அவளுக்கு ஒரே தம்பி. அடையாறில் தனியாக இருந்தவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஒருநாள் காலையில் மாரடைப்பு. தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி எண்ணப்படும் கௌரவம் எங்களுக்கு இந்த வழியில் வந்தது.

பெட்டியை ஓட விட்டபோது மாவு மிஷின் போலக் கத்தியது. கோப்புகளுக்கு நடுவே 'அக்கா' என்று ஓர் ஒலிப்பதிவு இருந்தது. மனைவியே அதைத் தட்டினாள். அந்த இரைச்சலுக்கு மேலே அவன் குரல் வந்தது.

"அக்கா... மைக் டெஸ்ட். கேக்கறதா? இந்தப் பெட்டி சீக்கிரமே உங்காத்துக்கு வந்துடும். வந்தா, அத்திம்பேர்கிட்ட மட்டும்..."

அந்த இடத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. குரல் நிற்கவில்லை. "மட்டும் மட்டும் மட்டும் மட்டும்" என்று, மூச்சு விடாமல், ஒரே சுருதியில், செத்துப்போனவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கும் வரை சொன்னான்.

மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும்.

"உங்ககிட்ட மட்டும் என்னன்னா?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? ஸ்கூட்டரைக் குடுன்னு சொல்லியிருப்பான்" என்றேன். என் ஹாஸ்யம் அன்றைக்கு எடுபடவில்லை.

எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். அவன் போவதற்கு மூன்று வாரம் முன்னால், பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னான். "அத்திம்பேர், மாடி ஏறினா மூச்சு முட்டறது. ராத்திரியில நெஞ்சைப் புடிக்கறது. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ, ஊரைக் கூட்டிடுவா." நான் என்ன சொன்னேன்? "நாலு தயிர்வடை தின்னா எவனுக்கும் முட்டும்டா" என்றேன். அவனும் சிரித்தான். அவளிடம் நான் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, காரியமெல்லாம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பெட்டி சொல்லப்போகிறது. அத்திம்பேர்கிட்ட மட்டும் சொன்னேன் என்று.

தி.நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற, என் வயதுக்காரர் ஒருவரிடம் போனேன்.

"சூடு ஏறிகினு நின்னுபூடுது சார். உள்ள தூசு அடைச்சிகினு கீது. எடுத்துகினு வா, பாத்துக்கலாம்."

"வெளியில அனுப்ப மாட்டேங்கறா. ஒருதரம் ஆட்டோல வந்ததே போறுமாம்."

"இன்னா சார், பெட்டி மாசமா கீதா?" என்று சிரித்தார். பிறகு ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொடுத்துப் பாடம் நடத்தினார். "பிளக்கைப் புடுங்கிட்டு பத்து நிமிசம் வுடு. மொதல்ல வெறும் இரும்பைத் தொடு, அப்பால போர்டைத் தொடு. பாலிஸ்டர் சட்டை வாணாம். தண்ணி ஆவவே ஆவாது. வாயால ஊதாத, எச்சி தெறிக்கும். புது பிரஷ்ஷால தள்ளு. பிசுக்குக்கு மட்டும் பஞ்சுல ஸ்பிரிட்டு. ஃபேனை வெரலால புடிச்சிகினு தொட. நல்லா காயவுட்டு அப்பறம் சுவிச்சைப் போடு. பின்னாடி பவர் பொட்டி கீது பாரு, அத்த மட்டும் தொறந்துடாத. ஒயரைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு குந்திகினே இருக்கும்."

"எத்தனை நேரம்?"

"யாரு சார் பாத்தா?"

சனிக்கிழமை மத்தியானம், பருத்தி வேட்டியோடு, மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூடியைக் கழற்றினேன். சாம்பல் நிறக் கம்பளி ஒன்று உள்ளே படுத்திருந்தது. தூசி சும்மா உதிரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவன் போட்ட சாம்பிராணிப் புகை ஏறிப் பிசினாக ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தள்ளத் தள்ள, நடுவில் இரண்டு மூன்று நரைமுடி வந்தது. எனக்கு அந்த வயதிலேயே முடி கிடையாது. யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பிராசஸர் மேலிருந்த சின்ன ஃபேனைக் கண்டுபிடித்தபோது கை நின்றுவிட்டது. அதன் நடுவில் சந்தனம். ஆயுத பூஜைக்கு எல்லாரும் கம்ப்யூட்டரின் நெற்றியில்தான் பொட்டு வைப்பார்கள். அவன் ஒவ்வொரு வருஷமும் மூடியைத் திறந்து ஃபேனுக்கே வைத்திருக்கிறான், பழையதைத் துடைக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக. காய்ந்து, ஆட்டோ குலுக்கலில் பெயர்ந்த சில்லுகள் இறக்கைகளின் அடியில் போய்ச் சிக்கியிருந்தன. அதுதான் அந்தக் கத்தல், அதுதான் அந்தச் சூடு. கடைசிப் பொட்டின் மேல், குங்குமத்துக்கு அடியில், மோதிர விரலின் ரேகை சுழி சுழியாக அப்படியே இருந்தது.

தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும். பிராசஸர், போர்டு, டிஸ்க், எல்லாவற்றோடும் 'மட்டும்' முடிந்துவிடும். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் கை லட்சணத்தைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு கருத்து கிடையாது. டம்ளரைக் கையில் எடுத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு கர்ச்சீப்பை இறக்கிவிட்டுத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சால் அந்த ரேகையைத் தொட்டேன். சந்தன வாசனை குப்பென்று எழுந்தது, யாரோ குளித்துவிட்டு வந்து பின்னால் நிற்பது போல. திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு சந்தனம் அரைக்கறா?"

"யாருமில்லையே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை வரை காயவிட்டுப் பூட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு நிசப்தம். மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"...வந்தா, அத்திம்பேர்கிட்ட மட்டும் குடுத்துடாதே. அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டா கரண்டுக்கே ஷாக் அடிக்கும்."

அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டாள், அவன் போன பிறகு முதல்முறையாக. நானும் சிரித்தேன், அவளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் பதிவு முடியவில்லை. அவன் மைக்கை நிறுத்த மறந்திருக்கிறான். பேச்சில்லை. ஃபேன் கத்திய நாட்களில் இது கேட்டிருக்கவே கேட்டிருக்காது. இப்போது துல்லியமாகக் கேட்டது: இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு, நடுவில் ஒரு முனகல், உள்ளங்கையால் சட்டைமேல் நெஞ்சைத் தேய்க்கிற சத்தம்.

அவள் சிரிப்பு போய்விட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மூச்சு எப்படி வாங்கறது பாருங்கோ. உங்களுக்குத் தெரியுமா?"

ஜோக் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது.

"தெரியும்" என்றேன்.

அவள் கையை நீட்டி, அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.