நோன்பு மாதிரி வாங்கோ

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். ஆனால் குர்ஆன் ஓதுவதில் என்னை ஒருவரும் திருத்தியதில்லை. அந்த எழுத்துகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியத் தொடங்கின. கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டதாம். ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்க வேண்டும் என்றார்கள். சோற்றைக் குறைத்தேன். தேநீரை வெறுமனே குடித்தேன். எல்லாம் அந்த ஒரு இரத்தச் சோதனைக்காக.

மன்னார் கிளினிக்கில் இருந்த தாதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாங்குப் பலகையில் எருக்கலம்பிட்டிப் பெண்கள் நாங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாள். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல நினைத்திருக்கிறாள்.

"உம்மாமார், செவ்வாய்க்கிழமை வெறுவயித்தோட வரவேணும். உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நோன்பு மாதிரி வாங்கோ."

நோன்பு எங்களுக்கா தெரியாது? செவ்வாய்க்கிழமை விடியுமுன், சுபஹு பாங்குக்கு முன்பே எழும்பிச் சோறாக்கினேன். மீனாணம் ஊற்றிச் சாப்பிட்டு, கடைசியில் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட்டேன். சஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்கலாமா? அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

கிளினிக்கில் தாதி ஊசி குத்தினாள், நரம்பு அகப்படவில்லை. மற்றக் கையிலும் குத்தினாள்.

"என்ன உம்மா, தண்ணியும் குடிக்கேல்லையோ?"

"நோன்போட தண்ணி குடிக்கிறதா மகள்?"

சிரித்தாள். பகலானதும் முடிவு வந்தது. சீனி ஏறியிருந்தது. அப்போது சிரிப்பு இல்லை.

"ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ராத்திரி கொஞ்சம்தான். சஹருக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்."

"ஐயோ, விடியச் சாப்பிட்டிட்டா வந்தனீங்கள்? வெறுவயிறு எண்டு சொன்னனான்தானே!"

"நோன்பு மாதிரி எண்டும் சொன்னீங்கதானே."

"அது ஒரு கதைக்குச் சொன்னது உம்மா."

"நோன்பு உங்களுக்குக் கதையா?"

பக்கத்தில் இருந்த என் மச்சி தாதியைப் பார்த்து மெதுவாகக் கையை உயர்த்தினாள். "தங்கச்சி, நானும் தயிர் சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன்." வாங்கு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒப்பரேஷனை டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டார். நாளைக்கே திரும்ப இரத்தம் எடுங்கள் என்றேன். முடியாதாம், அடுத்த கிளினிக்குக்குத்தான் எடுப்பார்களாம். கண் டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறவர், அதற்குள் திரும்பிப் போய்விடுவாராம்.

"சரி மகள், இப்பவாவது ஒழுங்காச் சொல்லுங்க. எப்ப வாயை மூடணும், எதைக் குடிக்கலாம்?"

"ராத்திரிச் சாப்பாட்டோட சரி. பிறகு தண்ணி மட்டும். இரத்தம் குடுத்த பிறகுதான் சாப்பாடு."

இவ்வளவுதான். இதை முதல் நாளே சொல்வதற்கு என்ன? எங்கள் மார்க்கத்தை இழுக்காமலே எனக்கு விளங்கியிருக்கும். நான் ஒன்றும் மட்டி இல்லை.

அடுத்த முறை அவள் சொன்னபடியே போனேன். சீனி சரியாக இருந்தது. கண் டாக்டர்தான் இல்லை. எப்போது வருவார் என்று கேட்டேன்.

"கிட்டடியில வருவார் உம்மா."

கிட்டடி என்றால் எந்த மாதம் என்று கேட்டேன்.