கிணற்றில் அரைப் பங்கு

உதயகலா அக்கா கீரிமலைக்குத் தண்ணீர் விற்கப் போன கதை இணுவிலில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று ஆடி அமாவாசை. வாடகைக்கு எடுத்த லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் குடிதண்ணீர்க் கான்களை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டபோது, பஸ் நிலையத்தில் குந்தியிருந்த பொன்னம்பலம் மறித்தாராம்.

"மெய்யே பிள்ளை, ஊற்றுத் தண்ணி ஓடுற கீரிமலைக்கே தண்ணி விக்கப் போறாய்? அடுத்த முறை கடல் கிடக்கிற வல்வெட்டித்துறைக்கு உப்பும் கொண்டு போ."

"ஆயிரம் சனம் முழுகின தண்ணியை நீங்கள் குடிப்பியளோ அண்ணை? குடிப்பியள் எண்டால் இப்பவே திரும்புறன்."

பதினொரு மணிக்கே கான்கள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய வந்த பொன்னம்பலமும் வரிசையில் நின்று ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். அக்கா அவரிடம் காசு வாங்கவில்லை. "உங்கடை வாய் எனக்கு விளம்பரம் எல்லோ," என்றாராம்.

சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் பயந்து, தண்ணீர் பவுசர் வண்டியைக் கண்டால் வாளியோடு ஓடிய காலத்தில் தொடங்கிய தொழில் அது. கணவர் முதுகில் ஷெல் துண்டோடு படுக்கையில் இருந்தார். அக்காவிடம் இருந்ததெல்லாம் சீதனமாக வந்த வீடும், வளவுக் கிணற்றில் அரைப் பங்கும்தான். மற்ற அரைப் பங்கு கனடாவிலிருந்த அண்ணன் வாகீசனுடையது. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்து, நல்லது என்று கடிதம் கையில் கிடைத்த அன்றே தாலிக்கொடியை அடகு வைத்து வடிகட்டும் இயந்திரம் வாங்கினார். வீட்டு முன்னறையில் அதைப் பூட்டினார். நாற்பத்தொரு வயதில் சின்ன லொறி ஓட்டப் பழகினார். முதல் வாரமே ஒரு மதிலை இடித்தார். அடுத்த நாள் தானே சீமெந்து குழைத்து அதைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்காரரையே வாடிக்கையாளர் ஆக்கினார். டீசல் இல்லாமல் நாடு நின்ற வருடத்தில் சைக்கிளுக்குப் பின்னால் இரும்பு வண்டில் ஒட்டுவித்து, ஒரு தடவைக்கு ஆறு கானாக மிதித்தார். ஒரு வீட்டுக்குக்கூடத் தண்ணீர் தவறவில்லை.

ஞாயிறு தோறும் வாகீசன் தொலைபேசியில் வருவார். "என்ரை தங்கச்சி பெரிய துணிச்சல்காரி," என்று ரொறன்ரோவில் எல்லாருக்கும் சொல்லுவதாகச் சொல்வார். அவருடைய காணியைக் கூட்டி, தென்னைகளுக்கு இறைத்து, வருடத்துக்கு ஒருமுறை கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு எடுத்ததெல்லாம் அக்காதான்.

போன வருடம் வாகீசன் ஊருக்கு வந்தார். காணியைப் பிரித்து எழுதிவிட்டால் பிறகு பிள்ளைகளுக்குள் சண்டை வராது என்றார். "உனக்கு ஒரு பரப்புக் காணி கூடுதலாய்த் தாறன், வைச்சுக்கொள்."

அந்தப் பங்கு பிரிப்பு உறுதிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவன் நான். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில் எனக்கு அதுதான் வேலை. பழைய சீதன உறுதி மேசையில் பக்கத்தில் கிடந்தது. அதில் கடைசியாக ஒரு வரி: 'கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் சரிபாதி பங்கும் பாத்தியதையும்.' வாகீசன் ஒப்புக்கொண்டு தந்த புதிய பிரதியில் அந்த வரி இல்லை. கிணறு அவர் பக்கத்து எல்லைக்குள் போயிருந்தது.

கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவதுதான் வழக்கம். ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார்.

"என்ன ஐயா, என்ரை அண்ணை எழுதுவிச்சதை நீங்கள் எனக்கு வாசிச்சுக் காட்டுறதோ? அவர் என்ன நினைப்பார்? சாப்பாட்டு நேரமும் ஆச்சு. எங்கை, பேனையைத் தாங்கோ."

வாகீசன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தரம் தலையை நிமிர்த்தினேன். இரண்டு தரமும் குனிந்துவிட்டேன். சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் மாதம் மேசன்மார் வந்து எல்லை மதிலுக்கு நூல் கட்டினார்கள். அக்காவின் இறைப்புக் குழாய் நூலுக்குக் குறுக்கே கிடந்தது. ஒருவன் அதைக் கழற்றத் தொடங்க, அக்கா ஓடிப்போய்க் குழாயின் மேல் ஏறி நின்றார்.

"அண்ணை, உவங்கள் என்ன செய்யிறாங்கள்?"

"நான்தான் சொன்னனான். நீ உறுதியைப் பாரன். அதிலை உனக்குக் கிணறு எங்கை கிடக்கு?"

அக்கா உள்ளே போய் உறுதியை எடுத்து வந்து, வெயிலில் நின்றபடி முதல் தரமாக அதை வாசித்தார். மேசன்மார் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஒரு பரப்புக் கூடத் தந்தனான் எல்லோ," என்றார் வாகீசன்.

"தண்ணியில்லாத பரப்பு."

"கஷ்டப்பட்டது காணும், கலா. இனி நான் பாக்கிறன். பெரிய மெசின் வருது, போத்தல் தண்ணி. நீ மேற்பார்வைக்கு வா, மாசச் சம்பளம். போத்தலிலை உன்ரை படந்தான் போடுறன், சைக்கிள் மிதிக்கிற படம். வேறை எந்த அண்ணன் செய்வான்?"

அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். அக்கா குழாயிலிருந்து இறங்கினார்.

புதிய கம்பனியின் திறப்பு விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்க வேண்டும் என்று வாகீசன் என்னைத் தேடி வந்தார். உறுதி அடித்தவன் நான் என்பது அவருக்கு ஞாபகமில்லை.

"நீ கவிதைப் புத்தகமெல்லாம் வாசிக்கிறனியாம். தங்கச்சியின்ரை சரித்திரத்தை ரெண்டு பக்கத்திலை எழுது. வாசிக்கிற சனம் அழவேணும்."

மூன்று பின்னேரம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இயந்திரம் சேலையால் மூடிக் கிடந்தது. கீரிமலைக் கதையை நடித்தே காட்டினார். இடித்த மதிலின் கதைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. எனக்குத் தந்த தேத்தண்ணீர் பக்கத்து வீட்டில் அள்ளி வந்த தண்ணீரில் போட்டது.

மூன்றாம் நாள், "அக்கா, அந்த உறுதியை அடிச்சது நான்," என்றேன். "அந்த வரி இல்லாதது அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"நீ ரெண்டு தரம் நிமிர்ந்தனி. கண்டனான். நான் நினைச்சன் பெடியனுக்குப் பசிக்குதாக்கும் எண்டு."

வெறுங் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்.

"அந்த வரி பாடமோ?"

"ஓம்."

"சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"உன்ரை கதையின்ரை கடைசியிலை அதைப் போடு. கொட்டை எழுத்திலை."

"வாகீசண்ணை வாசிச்சால்?"

"வாசியார். நான் வாசிச்சனானோ? எங்கடை வீட்டிலை ஒராள் நீட்டினதை மற்றாள் வாசிக்கிறேல்லை."

அச்சுக்குப் போக முன் வாகீசன் கேட்டது ஒன்றுதான். "படம் துலக்கமாய் வந்திருக்கோ?" வந்திருந்தது.

திறப்பு விழாப் பந்தலில் ஐந்நூறு மலர் கொடுத்தார்கள். பேச்சு நீண்டது. சனம் மலரைப் பிரித்து வாசிக்கத் தொடங்கியது. முன் வரிசையில் பொன்னம்பலம் கடைசி வரிக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரும்பவும் வாசித்தார். "உதென்ன வாகீசன்," என்று சத்தமாகவே கேட்டார், "கிணத்திலை பாதி பிள்ளையின்ரை எண்டெல்லோ கிடக்கு?"

வாகீசன் மேடையில் பொன்னாடையைக் கையில் விரித்தபடி நின்றார். அவர் போர்க்க வேண்டிய ஆளின் கதிரை வெறுமையாக இருந்தது. மதிலுக்கு அப்பால், அந்தக் கூடுதல் ஒரு பரப்பில், புதுக் கிணற்றுக்குக் கல்லுடைக்கும் கொம்பிரசர் அன்றைக்கும் இரையத் தொடங்கியது. அதற்குமேல் ஒலிபெருக்கியில் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை.

மாலையில் போய்ப் பார்த்தேன். குழி பதினாறு அடி இறங்கியிருந்தது. இன்னும் தண்ணீர் வரவில்லை. அக்கா குழியின் விளிம்பில் குந்தியிருந்து, மேலே வந்த வெள்ளைக் கல் ஒன்றைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தால் முழுக் கிணத்தையும் குடுத்திருப்பன் தம்பி," என்றார். "கேக்கேல்லையே அவர்."