பின்னந்தலை நரை

அலமுவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மீன்காரி தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுவாள். கேஸ் சிலிண்டரைக் குலுக்கிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். சேரப்பணஞ்சேரியில் தன்னைப்போல உஷாரான பொம்பளை கிடையாது என்று அவளுக்குப் பெருமையும் உண்டு. புருஷன் வரதராஜுலுவின் சட்டைப்பையைத் துவைக்கும்முன் இரண்டு தடவை துழாவுவாள். பாவம் மனுஷன், பஸ் டிக்கெட்டைத் தவிர எதுவும் அகப்பட்டதில்லை.

அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவள் வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவருடைய முன்தலை கேசரி நிறத்தில் இருந்தது. குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத ஆள், இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இன்னாய்யா இது, தலை?"

"ஒடம்புல சூடு. மருதாணி வெச்சா குளிர்ச்சின்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"சொன்னாங்க" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அதற்கு மேல் அலமுவுக்குச் சோறு இறங்குமா? நேராக மாடிக்கு ஏறினாள். மாடி ரூமில் வாடகைக்கு இருப்பவள் சந்தனமாரி, தென்காசிப் பக்கத்துப் பெண், போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இளநரைக்காக மாதாமாதம் மருதாணி வைத்துக்கொள்கிறவள்.

"அண்ணாச்சிதான் கேட்டாவக்கா" என்றாள் அவள், ஒளிவுமறைவில்லாமல். "மொத நா மருதாணி, மறுநா கருக்கிறதுக்கு அவுரிப்பொடின்னு சொன்னேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு மணிக்கணக்கா ஊற வச்சிருப்பாவ. அவுரிய ஊற வச்சா வீணாப் போயிரும்லா? கரைச்ச ஒடனே தேய்க்கணும். அதான் கருக்காம செவந்துட்டு."

அலமு அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். தப்பாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது: சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. மனுஷனுக்குத் தலை கருப்பாக வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் யாருக்காக? படியிறங்கும்போது அழுகை வந்தது. இத்தனை வருஷம் காவல் காத்தும் கோட்டை விட்டுவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று சீக்கிரமே வெளியே வந்தவள், ஒரகடம் கூட்ரோட்டில் அவரைப் பார்த்தாள். டியூட்டியில் இருக்கவேண்டியவர் இஸ்திரி போட்ட சட்டையில் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஏறினார். இன்னிக்கு மாட்டினான் என்று அடுத்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவர் ஒரு மாடிப்படியில் ஏறினார். படியெல்லாம் பையன்கள் வரிசை. கீழே ஒரு போர்டு: செக்யூரிட்டி ஆட்கள் தேவை, வயது நாற்பத்தைந்துக்குள். கடைசியில் போய் நின்றவரின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. முன்தலை கேசரியாக மின்ன, பின்னந்தலை முழுக்க வெள்ளை. எட்டின மட்டும் தன் கையாலேயே தடவியிருக்கிறார். வேறொருத்தி கை பட்டிருந்தால் இப்படி விட்டிருப்பாளா?

அலமு அவர் கண்ணில் படாமல் திரும்பினாள். வழியில் நாட்டு மருந்துக் கடையில் மருதாணிப்பொடியும் அவுரிப்பொடியும் வாங்கினாள். வழக்கம்போல மோந்து பார்த்துத்தான் வாங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பிடித்து உட்காரவைத்து, தலை பூராவும் மருதாணி அப்பினாள். அவர் திருதிருவென்று விழித்தார், ஏன் என்று கேட்கத் தைரியமில்லை. மறுநாள் காலையில் வெந்நீரில் அவுரியைக் கரைத்த கையோடு பின்னந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"வேலை எப்போ போச்சு?"

அவர் தோள் தளர்ந்தது. "இந்த மாசம் பொறந்ததுமே. புது கான்ட்ராக்டர் வந்தான். கெழவனுங்க வேணாம்னுட்டான்."

"அத என்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொன்னா நீ மொதல்ல இன்னா கேப்பே? 'நீ இன்னா பண்ணே, தூக்கிட்டாங்க?'ன்னுதானே கேப்பே."

அலமு இன்னும் ஒரு கை அவுரியை அள்ளினாள். வெள்ளிக்கிழமை ஆட்டோவில் திரும்பி வரும்போதிருந்தே அந்தக் கேள்விதான் அவள் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது.

"குனி" என்றாள். "காது பின்னாடி இன்னும் வெள்ளையா கீது."