பாலிஷ் போட்ட பூவாடைக்காரி

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பழைய சாமான் பைத்தியம் பிடித்தது. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற மனுஷர், போகிற ஊரிலெல்லாம் இடிக்கிற வீடு எது என்று விசாரிப்பார். கதவில் இருந்த யாளி, தூணில் இருந்த கிளி, கை உடைந்த கிருஷ்ணன் என்று கூடம் நிறைந்துவிட்டது. "மனுஷங்க படுக்கவும் கொஞ்சம் இடம் வுடுங்க" என்பேன். சிரிப்பார்.

தேசூர்ப் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து, கதவுகளோடு சேர்ந்து ஒரு முழ உயர மரப் பெண்ணும் வந்தாள். மஞ்சள் அப்பி அப்பி முகமே தெரியவில்லை. பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன வீட்டுப் பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பேர் சொல்லி அழைத்து, புதுப்புடவை வைத்துப் படைக்காமல் தாலி கட்ட மாட்டோம். பெரும்பாலும் கலசம்தான் வைப்பார்கள். அந்த வீட்டில் சிலையே செய்திருக்கிறார்கள்.

"இது யாரோ வூட்டுப் பொண்ணுங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

"சும்மா பேஜார் பண்ணாத. வேலைப்பாட்டப் பாரு" என்றவர், மஞ்சளைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, மற்றப் பொம்மைகளோடு வரிசையில் நிறுத்தினார். உள்ளே இருந்தது சின்னப் பெண்ணின் முகம். கூடத்தைப் பெருக்கும்போது அவளுக்கு முதுகு காட்டவே எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் அந்த வீட்டு அம்மா எங்களை விசாரித்துக்கொண்டு வந்தாள். மகளுக்குக் கல்யாணமாம். "வூடு இடிக்கும்போது நான் ஊர்ல இல்லக்கா. கதவோட சேத்து வித்துட்டாங்க. எங்க பூவாடைக்காரி அத்தைய எடுத்துகினு போலாம்னு வந்தேன்."

வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் வீட்டுப் பெண்ணைத் தெரியாமலே தாண்டிப் போய்விட்டாள். நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள்.

"எங்க அத்தை மேல மஞ்ச வாசனதான் வரும். இது இல்லக்கா."

எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அழுதுகொண்டே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எந்தப் பழைய சாமானும் வாங்கவில்லை.

சில வருஷம் கழித்து எங்கள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டுப் பூவாடைக்காரிக்கு நான் புடவை எடுத்து வைத்தேன். அவர் கடையிலிருந்து இன்னொரு பட்டுப்புடவை கொண்டுவந்து அந்த மரப் பெண்ணின் முன்னால் வைத்தார். அவள் முகத்துக்கு நான் மஞ்சள் பூசினேன். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரியைப் பேர் சொல்லி அழைத்தோம். அடுத்து மரப் பெண்ணை அழைக்க வாயைத் திறந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ பேரு இன்னா?"

அந்த அம்மா வந்திருந்தபோது அதைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.